‘காணவில்லை’: இளம்பெண்டிர் பாதுகாப்பும் தற்காப்புக் கல்வியும்

முன்னுரை

பேருந்து நிலையத்தின் தூண்களிலும், தொடர்வண்டி நிலையத்தின் சுவர்களிலும் ஒட்டப்பெற்ற அறிவிப்புகளை நாம் அன்றாடம் கடந்து செல்கின்றோம். ‘காணவில்லை’ என்ற ஒற்றைச் சொல். அதன்கீழ் ஒரு புகைப்படம். வயது, உயரம், நிறம், இறுதியாக உடுத்தியிருந்த உடை. அடியில் ஒரு தொலைபேசி எண். வயது என்னும் இடத்தில் பதினெட்டு, பத்தொன்பது, இருபது எனக் காணும்போது, அது நம் கல்லூரியில் பயிலும் ஒரு தங்கையின் வயது என்ற எண்ணம் நெஞ்சைத் தைக்கின்றது.

பெண்கல்வி தமிழகத்தின் சிற்றூர்கள்வரை வேர் பிடித்துள்ள காலம் இது. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல வழி பிறந்தது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்றது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பெண்கள் அரசு கலைக் கல்லூரிகளில் மிகப் பலர். இத்தகைய சூழலில் ஊரில் ஒரு பெண் காணாமற் போனால், அதன் விளைவு அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. “காலம் கெட்டுக் கிடக்கிறது, படித்தது போதும்” என்று அண்டை வீடுகளிலும் பெண்களின் படிப்புக்குத் தடை விழுகின்றது. காணாமற் போனவள் ஒருத்தி. கல்வியை இழப்போர் பலர்.

ஆகவே, இளம்பெண்கள் காணாமற் போவது எவ்வாறு, போனால் உடனே செய்யத்தக்கது யாது, அவர்களுக்குக் கற்பிக்கத்தக்க தற்காப்பு எத்தகையது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணிக்கை உணர்த்துவது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் திரட்டிய கணக்கினை ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. அதன்படி 2019 முதல் 2021 முடிய 3 ஆண்டுகளில், 18 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 10,61,648 பேரும், 18 வயதுக்குட்பட்ட சிறுமியர் 2,51,430 பேரும் காணாமற் போனதாக நாடு முழுவதும் பதிவாகியுள்ளது. இரண்டையும் கூட்டினால் 13 இலட்சத்தைத் தாண்டுகின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 பேர் எனலாம்.

இவ்வெண்ணைக் கண்டு மலைத்து நின்றுவிடுதல் கூடாது. அதற்குச் சரியாகப் பொருள்கொள்ளவும் வேண்டும். இது பதிவான புகார்களின் தொகை. இவர்களுள் பலர் பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டிருப்பர். பலர் தாமே வீடு திரும்பியிருப்பர். அனைவரும் கடத்தப்பட்டவர் அல்லர். மறுபுறம், ஊர் வாய்க்கு அஞ்சிக் காவல் நிலையப் படியே ஏறாத குடும்பங்களின் பெண்கள் இக்கணக்கில் இடம்பெறவே இல்லை. எனவே மிகைப்படுத்தி அஞ்சுவதும் தவறு; நமக்கு வராது என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு.

காணாமற் போகும் வழிகள்

காணாமற் போதல் என்பது ஒரே வகை நிகழ்ச்சி அன்று. நான்கு வகையாக அதனைப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, தாமே வீட்டை விட்டு வெளியேறுவது. விருப்பமில்லாத திருமணத்துக்கு நாள் குறிக்கப்பட்டவள், தேர்வில் தோற்று அடிக்கு அஞ்சியவள், காதலை வீட்டில் சொல்ல இயலாதவள் எனப் பலர் இவ்வகையில் அடங்குவர். 18 வயது நிறைந்த பெண் தான் வாழும் இடத்தையும் துணையையும் தேர்ந்துகொள்ளச் சட்டத்தில் உரிமை உண்டு. வயது வந்த இருவர் மணம் புரிய அவர்தம் இசைவே போதும், குடும்பத்தின் இசைவோ சாதியின் இசைவோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆயினும் கையில் காசின்றி, போகுமிடம் தெரியாமல், கலங்கிய மனத்தோடு இரவில் பேருந்து நிலையத்தில் நிற்கும் பெண்ணைத்தான் தீயோர் கண்கள் தேடுகின்றன. ஓட்டமாகத் தொடங்கியது கடத்தலாக முடியும் வழி இதுவே.

இரண்டாவது, வேலை ஆசை காட்டி அழைத்துச் செல்வது. தரகர் பெரும்பாலும் தெரிந்த முகமாகவே இருப்பார். தூரத்து உறவினராகவும் இருப்பார். வீட்டுக்கு முன்பணம் தருவார். கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் வட்டாரத்திலும் நூற்பாலைகளில் நடைமுறையில் இருந்த ‘சுமங்கலித் திட்டம்’ பற்றிப் பலரும் அறிந்திருப்பர். ஏறத்தாழ மூன்றாண்டு வேலைக்குப்பின் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி ஏழைப் பெண்களை விடுதிக்குள் வைத்து வேலை வாங்கிய முறை அது. வீட்டாரோடு தாராளமாகப் பேசவும் இயலாமல் விடுதி மதில்களுக்குள் பல பெண்களின் இளமை கழிந்தது. உள்ளூரிலேயே இந்நிலை என்றால், மொழி தெரியாத ஊரில் நிலை என்ன?

மூன்றாவது, அன்பு காட்டி நம்பவைத்துப் பின் மிரட்டுவது. 2019இல் வெளிப்பட்ட பொள்ளாச்சிக் கொடுமையை நாடே அறியும். பழகி நம்பவைத்து, தனியிடத்துக்கு அழைத்துச் சென்று, காணொளி எடுத்து, அதைக் காட்டி மிரட்டியது ஒரு கும்பல். மிரட்டப்பட்ட பெண்கள் பலரும் வாய் திறக்க அஞ்சினர். ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்த பின்னரே திரை விலகியது. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. இத்தகைய மிரட்டலுக்கு ஆளான பெண் வீட்டாரிடம் சொல்லவும் அஞ்சி, மிரட்டியவன் அழைத்த இடத்துக்கெல்லாம் செல்வதும், இறுதியில் வீட்டை விட்டே மறைவதும் உண்டு.

நான்காவது, மனநலக் குறைவாலோ விபத்தாலோ தன் முகவரியைச் சொல்ல இயலாத நிலை. மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் பெயர் தெரியாதவராக இருப்போர் இவ்வகையினர்.

இந்நான்கில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு பேருண்மையைக் காட்டுகின்றன. கடத்துபவன் இருட்டில் கத்தியோடு பாய்பவன் என்று நாம் எண்ணுகின்றோம். அவனோ பெரும்பாலும் பகலில், புன்னகையோடு, வாக்குறுதியோடு வருகின்றான். மனித வணிகத்தை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்துள்ளது. 2013இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது இக்குற்றத்துக்கு விரிந்த விளக்கம் தரப்பட்டது. அவ்விளக்கமே 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில் உள்ளது. ஏமாற்றியோ மிரட்டியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஒருவரை அழைத்துச் சென்றால், அவர் ‘சம்மதித்தார்’ என்பது ஒரு தற்காப்பு வாதமே ஆகாது என்கிறது அப்பிரிவு. “அவளே விரும்பித்தானே போனாள்?” என்று கேட்கும் ஊருக்குச் சட்டம் தரும் விடை இது.

மறைப்பே முதற்பகை

மாலையில் வரவேண்டிய மகள் இரவாகியும் வரவில்லை. நம் வீடுகளில் என்ன நடக்கின்றது? முதலில் உறவினர் வீடுகளுக்கு மட்டும் மெல்ல விசாரிப்பு. பிறகு கோயிலில் குறி கேட்டல், மை போட்டுப் பார்த்தல். “போலீசுக்குப் போனால் பெண்ணின் பெயர் கெட்டுவிடும், நாளைக்கு யார் கட்டுவார்?” என்ற பேச்சு. இப்படியே இரண்டு மூன்று நாள்கள் கழிகின்றன. அதற்குள் நடத்துநரின் நினைவு மங்கிவிடும். கடைவீதிக் கேமராவில் பழைய பதிவின்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். கைபேசி அணைக்கப்பட்டு, அழைத்துச் சென்றவன் மாநில எல்லையைக் கடந்திருப்பான். மானம் காக்க மறைத்த அந்த நாள்களே மகளை இழக்கக் காரணமாகி விடுகின்றன.

‘24 மணி நேரம் கழிந்த பின்புதான் புகார் கொடுக்கவேண்டும்’ என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை உள்ளது. அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் எங்கும் இல்லை. ஐயம் எழுந்த அந்த மணியிலேயே புகார் கொடுக்கலாம். அறியவேண்டிய பிற செய்திகளையும் வரிசையாகக் காண்போம்.

1. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நிகழ்ந்ததாகத் தகவல் கிடைத்தால், முதல் தகவல் அறிக்கை பதிவது காவல்துறையின் கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது.

2. காணாமற் போனவர் 18 வயதுக்குட்பட்டவராயின், கடத்தல் எனக் கொண்டே வழக்குப் பதியவேண்டும் என்று அதே 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

3. ‘இது எங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று’ என்று கூறிக் குற்றப்புகாரைத் திருப்பி அனுப்புதல் கூடாது. எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்பதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு உறுதி செய்துள்ளது. அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறும் உரிமையும் அப்பிரிவில் உண்டு.

4. நிலைய அலுவலர் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்கு எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்பலாம். மனித வணிகம், பாலியல் வன்முறை முதலிய குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியர்க்கே சிறைத்தண்டனை உண்டு. ஒருவர் சட்ட விரோதமாக அடைத்து வைக்கப்பட்டுள்ளார் எனக் கருத இடமிருந்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யும் வழியும் திறந்தே உள்ளது.

5. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். ‘பெயர் கெட்டுவிடும்’ என்னும் அச்சத்துக்குச் சட்டம் கட்டிய வேலி இது.

புகார் கொடுக்கச் செல்வோர் அண்மையில் எடுத்த புகைப்படம், மச்சம் தழும்பு முதலிய அங்க அடையாளம், உடுத்தியிருந்த உடை, பேசும் மொழிகள், கைபேசி எண், கைபேசி வாங்கிய ரசீதில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண், இறுதியாகப் பார்த்தவர் யார், உட்கொள்ளும் மருந்து உண்டா என்னும் விவரங்களைக் கொண்டு செல்லவேண்டும். வீட்டில் சண்டை நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மறைத்த ஒரு செய்தி, தேடலைத் தவறான திசையில் திருப்பிவிடும்.

பூட்டு பாதுகாப்பாகுமா?

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்டதும் நம் சமுதாயம் தேடும் முதல் மருந்து பூட்டு. கல்லூரியை நிறுத்து, கைபேசியைப் பறி, விரைவில் மணம் முடி. பெண்ணைச் சிறைவைத்துக் காப்பதால் யாது பயன் என்று வள்ளுவப் பெருந்தகை ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரத்திலேயே கேட்டுவிட்டார். அவர் பேசியது கற்பினைப் பற்றி. எனினும் அவ்வினா இன்றைய பாதுகாப்புக்கும் பொருந்துவதே.

பூட்டு ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உள. ஒன்று, ஆபத்து பெரும்பாலும் வெளியில் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு முன்பே தெரிந்தவராக இருக்கின்றார். தெரிந்தவனை உள்ளே வைத்து, தெரியாதவனுக்குக் கதவடைப்பதில் பயன் என்ன?

மற்றொன்று இதனினும் பெரிது. பூட்டுக்கு அஞ்சும் பெண் உண்மையைச் சொல்லமாட்டாள். பேருந்தில் ஒருவன் நாள்தோறும் பின்தொடர்கின்றான் என்று வீட்டில் சொன்னால், அவன் திருந்தமாட்டான். தன் படிப்புத்தான் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே வாய்மூடி இருக்கின்றாள். அந்த மௌனமே பின்தொடர்பவனுக்குத் துணிவு தருகின்றது. மிரட்டுபவனுக்கு மூலதனம் ஆகின்றது. ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று ஒரு கயவன் ஒரு பெண்ணை மிரட்ட முடிகிறது என்றால், அந்த வீடு அவளுக்குப் புகலிடமாக இல்லாமல் அவன் கையில் ஆயுதமாக இருக்கிறது என்றுதானே பொருள்? பெண் பாதுகாப்பின் அடிப்படை, அவள் தண்டனைக்கு அஞ்சாமல் உண்மை சொல்லக்கூடிய ஓர் இடம் இருப்பதே ஆகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளும் இக்கருத்தை ஏற்றுள்ளன. கல்லூரிதோறும் உள்ளகப் புகார்க் குழு அமைக்கவேண்டும் என்று கூறும் அவ்விதிகள், பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்க்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளை விடுதி மாணவியர்மேல் சுமத்தலாகாது என்றும் தெளிவாகச் சொல்கின்றன.

தற்காப்புக் கல்வியின் பாடங்கள்

தற்காப்பு என்றதும் கராத்தே, சிலம்பம் என்று மட்டும் எண்ணுகின்றோம். அவை உடலுக்கும் உள்ளத்துக்கும் உறுதி தருவன, கற்பது நன்று. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பாடங்கள் உள. கனடா நாட்டில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2015இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு 12 மணி நேரப் பயிற்சி; மற்றவர்க்குத் துண்டறிக்கைகள் மட்டும். தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை இனங்காணுதல், ‘அவர் மனம் நோகுமே’ என்னும் தயக்கத்தை வெல்லுதல், சொல்லாலும் உடலாலும் எதிர்த்தல் ஆகியவை அப்பயிற்சியில் இடம்பெற்றன. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, வன்புணர்வுக்கு ஆளானோர் துண்டறிக்கை பெற்ற பிரிவில் நூற்றுக்கு 9.8 ஆகவும், பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 ஆகவும் இருந்தனர். தக்க கல்வி பாதுகாப்புத் தரும் என்பதற்கு இது சான்று. நம் கல்லூரிகளில் கற்பிக்கத்தக்க பாடங்களை ஐந்தாகத் தொகுத்துக் கூறலாம்.

முதற்பாடம், வலையின் கண்ணிகளை அறிதல். முதலில் அளவுக்கு மீறிய புகழ்ச்சி, பிறகு ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்னும் இரகசியம், பிறகு தோழியரிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் பிரித்தல், பிறகு பணம், பரிசு, உதவி என்று கடமைப்படுத்துதல், இறுதியில் மிரட்டல். இந்த ஐந்தில் ‘இரகசியம்’ என்னும் இடத்திலேயே விழித்துக்கொள்ளவேண்டும். நல்ல வேலைக்கும் நல்ல நட்புக்கும் இருட்டு தேவையில்லை.

இரண்டாம் பாடம், வேலையைச் சோதித்தல். நிறுவனத்தின் முகவரி, எழுத்து மூலமான பணி ஆணை, சம்பளம், தங்குமிடம் ஆகியவற்றை நேரிலோ நம்பத்தக்கவர் வழியாகவோ உறுதி செய்யாமல் புறப்படலாகாது. மூலச் சான்றிதழ்களையும் ஆதார் அட்டையையும் பிறர் கையில் விட்டுவைக்கலாகாது. திரும்பி வரும் பயணச்செலவு எப்போதும் தன் கையில் இருக்கவேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வகுத்த விதி. பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பதில் வெட்கம் வேண்டுவதில்லை.

மூன்றாம் பாடம், எண்களை மனப்பாடம் செய்தல். கைபேசி பறிபோனால் அதிலுள்ள எண்களும் போய்விடும். பெற்றோர் ஒருவர், நம்பத்தக்க தோழி ஒருத்தி ஆகிய இருவர் எண்கள் நெஞ்சில் இருக்கவேண்டும். அவசர உதவிக்கு 112. மகளிர் உதவிக்கு 181. 18 வயதுக்குட்பட்டோர்க்கு 1098. இணையவழிக் குற்றங்களுக்கு 1930. வீட்டாரோடு ஒரு குறிச்சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளலாம். ‘பாட்டிக்கு மாத்திரை வாங்கியாச்சா?’ என்று மகள் கேட்டால் அவள் ஆபத்தில் இருக்கின்றாள் என்று வீடு புரிந்துகொள்ளும்.

நான்காம் பாடம், குரல் எழுப்புதல். கூட்டம் மிகுந்த இடத்தில் உதவி தானே வரும் என்று எண்ணுகின்றோம். டார்லி, லட்டானே என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1968இல் வெளியிட்ட சோதனையில் இதற்கு மாறான உண்மை தெரிந்தது. ‘வேறு யாராவது செய்வார்’ என்று ஒவ்வொருவரும் எண்ணுவதால், பார்ப்போர் மிகுந்தால் உதவி தாமதப்படுகின்றது. எனவே பொதுவாகக் கூவாமல் ஒருவரைச் சுட்டிக் கேட்கவேண்டும். “நடத்துநர் அண்ணா, இந்த ஆள் என்னைத் தொந்தரவு செய்கிறார்; பேருந்தை நிறுத்துங்கள்.” “நீலப் புடவை அக்கா, இவர் யாரென்று எனக்குத் தெரியாது. காவல்துறைக்குப் போன் செய்யுங்கள்.” இழுத்துச் செல்பவன் ‘குடும்பச் சண்டை’ என்று சொல்லி வேடிக்கை பார்ப்போரை விலக்கிவிடுவான். ‘இவர் யாரென்று தெரியாது’ என்னும் சொல் அந்தப் பொய்யை உடைக்கும். வகுப்பறையிலேயே இதை உரத்துச் சொல்லிப் பழகவேண்டும். பழகாத தொண்டை வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஐந்தாம் பாடம், உடலால் தடுத்தல். முழங்கை, முழங்கால், குதிகால் ஆகியவை எளிய ஆயுதங்கள். வெல்வது நோக்கமன்று, பிடியிலிருந்து விடுபட்டு மக்கள் இருக்குமிடம் நோக்கி ஓடுவதே நோக்கம். தன் உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் வழங்குகின்றன. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்தலாகாது என்பது பொதுவிதி. ஆயினும் வன்புணர்வோ கடத்தலோ நோக்கமாகத் தாக்குபவனுக்கு எதிரான தற்காப்பில் அவன் உயிரே போயினும் சட்டம் அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை.

இவ்வைந்தும் கற்றும் ஒருத்திக்குத் தீங்கு நேரலாம். அப்போது ‘நீ ஏன் கத்தவில்லை? ஏன் அங்குப் போனாய்?’ என்று கேட்பது அறமாகாது. அச்சத்தில் உடல் உறைந்து நிற்பது இயற்கை. குற்றம் செய்தவன் மேலதே. கற்ற பாடத்தை அவளுக்கெதிரான சாட்சியாக்குதல் கூடாது.

தோழியர், வீட்டார், ஆடவர் கடமைகள்

காணாமற் போன பெண்களைத் தேடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2002இல் சில நெறிகளை வகுத்தது. புகைப்படத்தை விரைந்து வெளியிடுதல், அக்கம்பக்கத்தில் விசாரித்தல் ஆகியவற்றோடு, கல்லூரி முதல்வர், ஆசிரியர், உடன்பயில்வோர் ஆகியோரைக் கேட்டறிதலும் அந்நெறிகளுள் அடங்கும். உடன்பயிலும் மாணவியரே, வீட்டாருக்குத் தெரியாதது பல வேளைகளில் உங்களுக்குத் தெரியும் என்பதே இதன் பொருள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று தோழி வாங்கிய சத்தியம் பெரிதா, அவள் உயிர் பெரிதா? அவள் யாரோடு பேசினாள், எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாள் என்பதை உரியவரிடம் உடனே சொல்லிவிடுவதே நட்பின் இலக்கணம். அதேவேளை, விரும்பாத திருமணத்துக்கோ அடிக்கோ அஞ்சி வெளியேறியவளாயின், அவ்வச்சத்தையும் காவல்துறையிடம் சேர்த்துச் சொல்லவேண்டும். வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக வீட்டாரிடம் ஒப்படைக்க முடியாது. தங்கவும் ஆலோசனை பெறவும் மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் என்னும் ஏற்பாடு உண்டு. பேருந்து நிலையத்துக்கு ஓடுவதைவிட 181ஐ அழைத்து அங்குச் செல்வது பன்மடங்கு பாதுகாப்பானது.

பெற்றோர்க்குரிய கடமை ஒன்றே ஒன்றைச் சொல்லலாம். திரும்பி வந்த மகளிடம் கேட்கும் முதற்கேள்வி ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்பதாக இருத்தல் கூடாது, ‘சாப்பிட்டாயா?’ என்பதாக இருக்கட்டும். மற்றவற்றை மெல்லப் பேசலாம். அவள் படிப்பு மட்டும் நிற்கக்கூடாது. ஒருத்தி திரும்பியபின் நடத்தப்படும் முறையை அவள் தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். நாளை தமக்கு ஓர் இடர் வந்தால் வீட்டில் சொல்வதா மறைப்பதா என்பதை அவர்கள் அன்றே முடிவு செய்துவிடுகின்றனர்.

மாணவ நண்பர்களே, இப்பாடம் உங்களுக்கும் உரியதே. மறுத்த பின்னும் பின்தொடர்வது காதலன்று. முதல்முறைக்கே மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். திரைப்படம் அதை வீரமாகக் காட்டலாம். சட்டம் அவ்வாறு காண்பதில்லை. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலிக்கு ஆளாகி உயிரிழந்தாள். அதன் பின்னரே தமிழகத்தில் பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் தனிச்சட்டம் பிறந்தது. ஒரு சட்டத்துக்கு ஓர் உயிர் விலையாயிற்று. நண்பன் ஒருவன் ஒரு பெண்ணின் படத்தை வைத்து விளையாடினால், ‘வேண்டாம்’ என்று தடுக்கும் முதற்குரல் உங்கள் குரலாக இருக்கவேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், இளம்பெண்கள் மறைவதற்குக் கயவர்தம் சூழ்ச்சி ஒரு காரணம். அச்சூழ்ச்சிக்கு நிழல் தரும் மௌனம் மற்றொரு காரணம் என்பது விளங்கும். முதலாவதைக் காவல்துறையும் நீதிமன்றமும் ஒடுக்கவேண்டும். இரண்டாவதை நீக்குவது வீட்டார், ஆசிரியர், மாணவர் ஆகிய நம் கையில் உள்ளது.

கல்லூரி திறக்கும் முதல் வாரத்திலேயே உள்ளகப் புகார்க் குழுவினர் யார், அவர்களை எங்குக் காணலாம் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் அறிவிக்கவேண்டும். மேற்கண்ட ஐந்து பாடங்களையும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாக ஆண்டுதோறும் நடத்தவேண்டும். சிறப்பு முகாம் நடைபெறும் சிற்றூர்களுக்கும் அவற்றைக் கொண்டு செல்லவேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வகுப்புக்கு வராத மாணவியின் வீட்டுக்கு அவள் தோழியர் இருவர் சென்று விசாரிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தவேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். அஞ்சாமல் பேசும் மகளும், சினவாமல் கேட்கும் வீடும், உடனே எழும் ஊரும் அமையுமாயின், நம் பெண்கள் காலையில் கல்லூரிக்குப் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புவது எவரும் வியக்காத இயல்பான செய்தியாகிவிடும்.